மேலே போன இரண்டாவது குரல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஒத்தச்சுரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது வேறு யாருமல்ல, கூடப் பிறந்த அக்காதான். ஊழியர்களின் பாடகர் குழுவில் அக்கா சோப்ரானோ. அதாவது உச்சியில் நின்று மெட்டைப் பாடுகிற முதல் குரல். தங்கை அதற்கு அடுத்த ஆல்ட்டோ, இரண்டாவது குரல். அதற்கும் கீழே டெனர், பாஸ் என்று ஆண்களின் குரல் இரண்டு. பத்தொன்பது வருஷமாக அக்கா ஏறி இறங்கி வளைந்து நெளிந்து பாட, தங்கை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு பாட்டில் அந்தச் சுரம் தொடர்ந்து இருபத்தேழு தடவை வந்தது. எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதைத் தவிர அவளுக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் அக்கா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இவளுக்கு என்ன, ஒத்தச்சுரம், தூங்கிக்கொண்டே பாடலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சேர்ந்துதான் சிரித்தாள். அடுத்த வாரமே மாலை நேர இசைக் கல்லூரியில், பல குரலுக்குச் சேர்த்து இசை எழுதுகிற ஹார்மனி படிக்க மனு போட்டாள். அப்போது வயது நாற்பத்து நான்கு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். இந்த வயதில் அங்கே போய் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். "அந்த ஒரே சுரத்த எனக்கு யாரு எழுதுனாங்க, எதுக்கு எழுதுனாங்கன்னு படிக்கப் போறேன்" என்றாள். கேஸ் போடப் போகிற மாதிரி பேசுகிறாயே என்று சொல்லிவிட்டு அவர் மனுவில் தன் கையெழுத்துக்கான இடத்தைத் தேடினார். அப்படி ஓர் இடம் அதில் இல்லை.

காரணம் பாடப்புத்தகத்தின் இரண்டாவது பாடத்திலேயே கிடைத்தது. நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுரம் பாடினால் அது ஒரு கார்ட். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு ஒழுங்காகப் போவதுதான் மொத்தப் படிப்பும். அதை எழுதுவதற்கு வரிசை உண்டு. முதலில் உச்சியிலுள்ள மெட்டை எழுத வேண்டும். பிறகு அடியிலுள்ள பாஸ். இரண்டு சுவரும் எழும்பிய பிறகு நடுவிலுள்ள இரண்டு குரல்களை மிச்சமிருக்கும் சுரங்களால் நிரப்ப வேண்டும். நடுக்குரல் முடிந்தவரை இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது என்று புத்தகம் சொன்னது. பஸ்ஸில் நின்றபடி அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை படித்தபோது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருந்தாள். இத்தனை நாள் தன் குரல்தான் அவ்வளவுக்குத்தான் லாயக்கு என்று நினைத்திருந்தாள். ஆனால் இது சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து அவள் தலைகீழாக எழுத ஆரம்பித்தாள். எந்தப் பயிற்சி கொடுத்தாலும் முதலில் ஆல்ட்டோ. அதை ஆசை தீர வளைத்து எழுதிவிட்டு, மற்ற மூன்று பேரையும் மிச்சத்தில் நிரப்பினாள். விளைவு கண்றாவியாக இருந்தது. பாஸ் குரல் ரோட்டில் பள்ளம் பள்ளமாகத் தாண்டிப் போகிறவனைப் போலத் துள்ளியது. டெனர் படியில் தடுக்கி விழுந்தது. சேர்ந்து ஏறக் கூடாத குரல்கள் கைகோத்துக்கொண்டு ஏறின. வாத்தியார் இருபத்தொன்பது வயதுப் பையன், ஆனால் வேலையில் கெட்டிக்காரர். அவளுடைய நோட்டைத் திருப்பித் தரும்போது சிவப்பு மை பின்பக்கம் வரை ஊறியிருக்கும். முதல் வருஷம் தோற்றாள்.

அக்கா ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டாம் வருஷம் அவள் விதி ஒன்றையும் விடவில்லை. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் ஒரே வேகத்தில் உள்ளே விட வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்கிறவள் அவளைவிட இரண்டு வயது மூத்தவள், வாயாடி. ஏழாவது சுரம் எட்டாவதற்குத்தான் ஏற வேண்டும் என்று இவள் முணுமுணுத்தால், "அது ஏறட்டும், நீ மொதல்ல உன் பக்கத்து முனைய இழு" என்பாள். இப்படியே இழுத்து இழுத்து நாற்பத்திரண்டு விதிகளும் மனப்பாடமாயின. நோட்டில் சிவப்பு குறைந்தது. வருஷக் கடைசியில் சில பக்கங்களில் சிவப்பே இல்லை. ஆனால் எழுதும் வரிசையை மட்டும் அவள் மாற்றவில்லை. முதலில் ஆல்ட்டோ, பிறகுதான் மற்றவர்கள். இந்த விஷயம் வாத்தியாருக்குத் தெரியாது. தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவள் தேறியிருந்தாள்.

கடைசித் தேர்வுக்குச் சொந்த மெட்டு ஒன்றை நான்கு குரலுக்கு எழுதி, சொந்த ஆட்களைக் கூட்டிவந்து மூன்று தேர்வாளர்கள் முன்னால் பாட வேண்டும். இரண்டாவது தடவையும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அவள் தாளக் கணக்கில் பதினாறு கட்டம் எழுதினாள். எழுதத் தொடங்கிய பதினைந்தாவது நாள் வாத்தியார் அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்துக் கட்டம் வரை தலையாட்டினார். பதினொன்றில் பேனா நின்றது. அங்கே ஆல்ட்டோ கிளம்பி, சோப்ரானோவைத் தாண்டி, இரண்டு கட்டம் முழுக்க அதற்கு மேலேயே உலாவிவிட்டுப் பன்னிரண்டின் முடிவில் இறங்கி வந்தது. கீழே சோப்ரானோ ஒரே சுரத்தில் எட்டுத் தடவை நின்றது.

"அம்மா, வீட்டுக்கு மேல கூரைதான் இருக்கணும். நீங்க கூரைக்கு மேல சமையலறையக் கட்டியிருக்கீங்க."

"அங்க நல்லா காத்து வரும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. காது எப்போதும் மேலே இருப்பதைத்தான் மெட்டு என்று எடுத்துக்கொள்ளும், இங்கே ஆல்ட்டோவை மெட்டு என்று நினைத்துவிடும் என்று விளக்கினார். அதற்காகத்தான் எழுதினேன் என்றாள். குரல் தாண்டினால் இந்தத் தேர்வில் கட்டத்துக்கு ஐந்து மார்க் போகும், உங்களுக்கு இது கடைசி வாய்ப்பு என்பது நினைவிருக்கிறதா என்றார். இருக்கிறது என்றாள். அவர் பென்சிலை எடுத்து, தனித் தாளில் அந்த இரண்டு கட்டங்களையும் திருத்தி எழுதிக் கொடுத்தார். சுத்தமான வேலை. ஆல்ட்டோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அதைப் பைக்குள் வைத்துவிட்டு, தான் எழுதிய தாளோடு அவள் நேராக அக்காவிடம் போனாள். அக்கா தலைமைச் செவிலி. செவிலியர் ஓய்வறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாஸுக்குக் கணவர் இருக்கிறார், டெனருக்கு மருந்தகத்துக்காரர் சம்மதித்துவிட்டார், சோப்ரானோவுக்கு நீ வேண்டும் என்று சொன்னாள். அக்கா பெருமையோடு தாளை வாங்கினாள். பதினொன்றாம் கட்டத்தில் அவள் முகம் மாறியது.

"என்னடி இது. நான் உனக்குக் கீழ பாடணுமா?"

"ரெண்டு கட்டம்தான்க்கா."

"எட்டுத் தடவ ஒரே சுரம். என்ன பழிவாங்குறியா?"

இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் என்றாள். முதலில் அப்படித்தான் எழுதினேன், இப்போது அந்த இடம் எனக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது என்றும் சொன்னாள். அக்கா நீட்டியிருந்த காலை மடக்கினாள். பிறகு, ஒரே சுரம்தானே, இதில் என்ன இருக்கிறது, பாடிக் காட்டுகிறேன் வா என்று எழுந்தாள்.

முடியவில்லை. தங்கை மேலே ஏறியதும் அக்காவின் குரலும் கூடவே ஏறியது. மறுபடி பாடினார்கள், எட்டில் மூன்றாவது தடவையில் நழுவியது. இன்னொரு தரம், ஐந்தாவதில். இருபத்தொரு வருஷமாக மெட்டுப் போகிற வழியே போய்ப் பழகிய தொண்டை, பக்கத்தில் ஒன்று அசையும்போது அசையாமல் நிற்க மறுத்தது. அக்காவுக்கு வியர்த்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"இத எப்படிடி இத்தன வருஷம் பாடுன?"

தங்கை தாளை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். முதல் கட்டத்திலிருந்து பிடிக்கலாம் என்றாள்.

தேர்வு அன்று பாடி முடித்ததும் நடுவில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். பதினொன்று, பன்னிரண்டில் பிரதி எடுக்கும்போது ஏதும் தவறு நேர்ந்ததா என்று மரியாதையாகக் கேட்டார். அவர் ஒரு கதவைத் திறந்துவைக்கிறார் என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்தது. ஓரத்தில் நின்ற வாத்தியார் திருத்திய தாளின் இன்னொரு பிரதியை மெதுவாக அவள் பக்கம் நீட்டினார். இன்னொரு தடவை பாடுங்கள், அதற்கே மார்க் போடுகிறோம் என்றார் அம்மையார்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. வாத்தியாரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது நீங்க எழுதுனது சார். மார்க் உங்களுக்குத்தான் போகணும்." பிறகு அம்மையாரைப் பார்த்து, "தப்பா விழல மேடம். தெரிஞ்சுதான் எழுதுனேன்" என்றாள்.

"கேக்குறவங்களுக்கு எது மெட்டுன்னு குழம்பாதா?"

"ரெண்டு கட்டம் குழம்பட்டும் மேடம். இருபத்தொரு வருஷமா யாருமே குழம்பல."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்.

தேறுவதற்கு ஐம்பது வேண்டும். நாற்பத்தாறு வந்தது. கட்டத்துக்கு ஐந்து வீதம் பத்து மார்க் போயிருந்தது. கூட்டிப் பார்க்காமலே தெரியும். பலகையில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அக்காவுக்குத்தான் கோபம் தாங்கவில்லை. நான் எட்டுத் தடவையும் நழுவாமல் பாடினேனே, அதற்கு யார் மார்க் போடுவது என்று பலகை முன்னால் நின்று கத்தினாள். கணவர் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இனி என்ன செய்யப் போற?" என்று கேட்டார். அவள் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். விதி படிப்பதில் இப்போது அவளுக்கு நல்ல பழக்கம். ஒரு முறை சேர்ந்தால் இரண்டு தடவைதான் தேர்வு எழுதலாம் என்று இருந்தது. எத்தனை முறை சேரலாம் என்று எங்கேயும் இல்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் அலுவலகச் சன்னலில் நின்று புது மாணவர் மனுவை நிரப்பினாள். முன்தகுதி என்ற இடத்தில், இதே பாடத்தில் இரண்டு முறை தோல்வி என்று எழுதினாள். மாதிரிப் படைப்பு இணைக்கவும் என்ற இடத்தில் அந்தப் பதினாறு கட்டங்களையும் ஓர் எழுத்து மாற்றாமல் இணைத்தாள்.

குமாஸ்தா மனுவை மேலும் கீழும் பார்த்தார். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மறுபடியும் மொதல் வருஷத்துலேருந்தா? அதே சார்தான் எடுப்பாரு."

"பாவம்தான். ஆனா நல்லா எடுப்பாரு" என்றாள். "முத்திரையக் குத்துங்க, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."