இரண்டு அணியிலும் பேசியவர்

கடலூர் முதுநகரில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறார் தட்சிணாமூர்த்தி மாமா. அது பிழைப்பு. கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம் பேசுவதுதான் அவருக்கு வாழ்க்கை. நடுவர் நடனசபாபதி எந்த அணியில் உட்காரச் சொல்கிறாரோ அந்த அணிக்காகப் பேசுவார். பல வருடமாக அப்படித்தான்.

வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மாமா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மாமா வெளியே தலைகாட்டுவதைக் குறைத்திருந்தார். காரணம் ஒரு செல்போன் வீடியோ.

சிதம்பரத்தில் ஒருமுறை, ‘இந்து என்ற பெயர் நாம் வைத்துக்கொண்டதா, பிறர் வைத்ததா?’ என்று தலைப்பு. பிறர் வைத்தது என்று பேசினார் மாமா. சிந்து நதிப் பக்கம் இருந்தவர்களைப் பாரசீகர்கள் அழைத்த பெயர் அது, முதலில் இடத்தின் பெயர், பிறகுதான் மதத்தின் பெயரானது, வெள்ளைக்காரன் சென்சஸ் எடுத்து அதை நிலைநிறுத்தினான் என்றார். போன ஆடியில் கடலூர்ப் பக்கம் செம்மண்டலத்தில் அதே தலைப்பு. எதிரணியில் பேச வேண்டிய பிரிசில்லா டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் நடுவர் மாமாவை அங்கே மாற்றினார். “வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே விஜயநகர ராஜாக்கள் அந்தப் பெயரைத் தங்கள் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களே! விரும்பிச் சூடிக்கொண்ட பெயர் நம்முடையதுதான்” என்று முழங்கினார். இரண்டு ஊரிலும் கைதட்டல்.

யாரோ இரண்டு பேச்சையும் ஒட்டி, ‘இதில் எந்த வாய்?’ என்று போட்டுவிட்டார்கள். ஒரு தரப்பு துரோகி என்றது. மறு தரப்பு விலைபோனவன் என்றது. டீக்கடையில் ஜெயப்பிரகாஷ், “என்னா மாமா, இன்னிக்கு எந்த அணி? டீயா, காப்பியா?” என்றான். மாமா சிரித்தார். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை.

தை மாதம் சிதம்பரத்தில் மறுபடி அதே தலைப்பு. நடனசபாபதி வீட்டுக்கே வந்தார்.

“மேடை ஏறுனதும் ‘இதுதான் என் நம்பிக்கை’ன்னு சொல்லிட்டுப் பேசணுமாம். அந்த வீடியோவுக்கு அப்புறம் கோயில் கமிட்டி போட்ட கண்டிஷன். எந்தப் பக்கம்னாலும் அவங்களுக்குச் சரிதான். இல்லன்னா இனிமே அந்த மேடை ஒனக்குக் கெடையாதுய்யா.”

“பட்டிமன்றத்துல ஏதுண்ணே நம்பிக்கை?”

“ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன்.”

“சாம்பார்ல முருங்கக்கா போடணும், அது ஒண்ணுலதான் இவுரு உறுதியா நின்னு நான் பாத்துருக்கேன்” என்றார் மங்கம்மா அத்தை.

நடனசபாபதி போனபிறகு நான் கேட்டேன்: “நெசமா ஒங்களுக்கு எது மாமா?”

“பேசும்போது ரெண்டுமே நெசமாத்தாம்மா இருந்துச்சு. எறங்கி வந்தா அசதி. தூங்கிடுவேன்.”

அந்த மேடையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. பிறர் வைத்த பெயர்தான் என்று முடிவு செய்துகொண்டு சிதம்பரம் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

“இதுதான் என் நம்பிக்கை” என்றதும் கைதட்டினார்கள். எதிரணியின் பலமான வாதத்தை முதலில் எடுத்து உடைப்பது அவர் பழக்கம். விஜயநகரப் பட்டத்தை எடுத்தார். செம்மண்டலத்தில் அவரே சொன்னது. வேறு நாளாக இருந்தால் ஒரு நகைச்சுவை சொல்லித் தாண்டியிருப்பார். நம்பிக்கை என்று சொல்லிவிட்ட பிறகு தாண்ட முடியவில்லை. 

“இதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மறுபடி அணி மாறிட்டாருடா!” என்று பின்வரிசையில் ஒரு குரல். கூட்டம் சிரித்தது. நடுவர் எதிரணிக்குத் தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும்போது காரில் மாமா நடுவரைக் கேட்டார்: “அண்ணே, தீர்ப்பு சொன்னீங்களே, ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“எனக்கு எதுக்குய்யா தெரியணும்? கூட்டம் கலையணும்ல.”

சிதம்பரத்திலிருந்து அப்புறம் அழைப்பு வரவில்லை. மற்ற ஊர்களுக்கும் வேறு ஆள் போகிறார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு என்று போனில் சொல்லிவிட்டார் நடனசபாபதி.

“குடும்பத்துல பெரியவங்க புருசனா பொண்டாட்டியான்னு தலைப்பு வெச்சா கூப்புடுவாங்க, இருங்க” என்றார் அத்தை.

“அதுலயும் நம்பிக்கையக் கேட்டா என்னாடி சொல்றது?” என்றார் மாமா, உரக்கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே.