தைமஸ் ஸ்டாலில் குரலுக்குத் தடை

கண்காட்சி ஸ்டாலில் நின்று விளக்கம் சொல்லித் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத் தெரியும்: வருகிறவர்கள் முதலில் தேடுவது அறிவியலை அல்ல, ஃபேனை. தாம்பரத்தில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் என் தலையில் கட்டிய தலைப்பு, 'நோய் எதிர்ப்பு செல்கள் ஏன் தாங்களே சாகின்றன?' பயாலஜி மிஸ் மாதிரி பேசிக் காட்டியதற்குப் பரிசு. ஸ்டாலில் வேறு யார் குரலாவது என் வாயிலிருந்து வந்தால் ஆண்டு விழாவில் என் மிமிக்ரி கிடையாது என்றும் மிஸ் சொல்லிவிட்டார்.

டானிக்

முதலில் வந்தவர் சேலையூர் ரிட்டயர்டு மாமா. நம் உடம்பையே தாக்கக்கூடிய செல்லை உடம்பே சாக வைக்கும், அது வெடிக்காமல், வீக்கம் தராமல் பொட்டலம் பொட்டலமாகப் பிரியும், மற்ற செல்கள் அதைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொந்தக் குரலில் ஒப்பித்தேன். சாகாமல் போனால்தான் ஆபத்து, நம் மூட்டுகளையே அது தாக்கலாம் என்றேன். கண்ணை மூடிக் கேட்டவர் சொன்னார்: "எல்லாம் சரிப்பா, அது சாகாம இருக்க எந்த டானிக் நல்லது?"

காண்ட்ராக்ட்

அடுத்தவர் பல்லாவரம் சந்தையில் வாங்கிய டேபிள் ஃபேனோடு வந்த அண்ணன். ஃபேனைத் தேடாத ஒரே ஆள். கிருமி வந்தால் படை செல்கள் பெருகும், கிருமி ஒழிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும், அதே கிருமி திரும்பி வந்தால் அடையாளம் காணக் கொஞ்சம் மட்டும் தங்கும் என்றேன். அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி, முகம் மாறிவிட்டது. "தங்கிக்கினு கீதே அந்த நாலு செல்லு, அதுங்களுக்கு மேலிடத்துல ஆள் கீது தம்பி."

மிஸ்

கடைசியாக ஓர் அக்கா, எந்த செல் ஆபத்தானது என்று யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டார். அன்றைய ஒரே நல்ல கேள்வி. தைமஸ் என்றேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு, படை செல்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி என்றேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை, மிஸ் வந்துவிட்டார் என் தொண்டைக்குள். "டேய், எழுந்து நில்லு. இது யாரு, கிருமியா, நம்ம உடம்பா? நம்ம ஆளையே அடிப்பியா? நீ வெளிய போக வேணாம், இங்கயே முடிச்சுக்கோ."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து ஸ்டால் கூட்டம் முழுக்க இங்கே வந்தது. அந்தக் கூட்டத்தின் பின்னால் மிஸ்.

ஆண்டு விழா போச்சு என்று நின்றேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு மிஸ் சொன்னார்: "சில செல் தப்பிச்சு வெளிய போயிடும், அதை விட்டுட்டே. ஆண்டு விழாவுல அதையும் சேர்த்துப் பண்ணு, வேற ஐட்டம் எதுவும் வேணாம்."

மேடை பிழைத்தது, ஆனால் ரயில்வே அறிவிப்பு, கவுன்சிலர், தண்ணி லாரி டிரைவர் என்று நான் வளர்த்த மற்ற குரல்கள் அத்தனையும் மிஸ் கையில் ஒரு வீக்கம்கூட இல்லாமல் செத்துப்போயின.