எலுமிச்சம்பழம் கட்டாத விமானம்

அன்று ஏரியில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஏரியில் தண்ணீர் இல்லை. விமானம் ஓடி எழும்ப அதுதான் தோது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பயந்தாங்கொள்ளி. ரிமோட்டில் பறக்கிற இரட்டை இறக்கை விமானம் ஒன்றை எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். ரிமோட், மோட்டார், பேட்டரி வாங்கப் பதினெட்டாயிரம் கடன் கொடுத்தவர் மச்சான். விழுந்துவிட்டால் மிஞ்சியதை விற்று, மொத்தப் பணத்தையும் உடனே கட்டி, இந்தப் பைத்தியத்தை விட்டுவிட வேண்டும். விழாவிட்டால் மாதம் ஐந்நூறாகக் கட்டினால் போதும். அதுதான் பேச்சு.

மோட்டாரை முடுக்கும் நேரத்தில் மச்சான் சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றை எடுத்தார்.

"மூக்குல கட்டுங்க மாப்ள."

எடை முன்னும் பின்னும் சாயாமல் நிற்க, பேட்டரியை நூல் நூலாக நகர்த்தி ஒரு வாரம் தூக்கம் கெட்டிருந்தேன்.

"வேண்டாங்க மச்சான். மூக்கு கனத்துப் போயிரும்."

"அத்தாத்தண்டி லாரியே கட்டிக்கிட்டுப் போகுது!"

"இது சின்னதுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்."

"உளுந்தா என்னையச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேனுங்க. உளுந்தா எங் கையால உளுந்ததா இருக்கட்டும்."

அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இறக்கைத் திருகுகளை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். ஆனாலும் கயிற்றைக் கட்டவில்லை.

பறந்தது. ஆடுகள் நாலா பக்கமும் தெறித்து ஓட, ஏரியை நான்கு சுற்று சுற்றியது. இறங்கும்போது சக்கரம் மண்ணைத் தொட்டு, பத்தடி உருண்டு, காய்ந்த சேற்று வெடிப்பில் மாட்டிக் குப்புறக் கவிழ்ந்தது. மூக்கில் சுழலும் காற்றாடி முறிந்தது.

"உளுந்துருச்சு. வித்துப்போடுங்க" என்றார் மச்சான்.

"எறங்குச்சுண்ணா. கண்ணு தெரியலையா?" என்றாள் என் மனைவி.

மச்சான் பெரியவரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

"மொதல்ல சக்கரந்தான் சாமி மண்ணத் தொட்டுச்சு. பஸ்ஸ உட்டு எறங்குனவன் நாலெட்டு நடந்து தடுக்கி உளுந்தா, பஸ்ஸுல இருந்து உளுந்தான்னா சொல்லுவீங்க?"

விற்கவில்லை. புதுக் காற்றாடி போட்டுவிட்டேன். மாதம் பிறந்தால் ஐந்நூறை நீட்டுகிறேன். "உளுந்ததுதான்" என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறார். "எறங்குச்சுங்க" என்று நானும் விடுவதில்லை. பாக்கி இன்னும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.