கடைவாய்ப் பல்லில் ஒரு சந்தேகம்

அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வார்.

ஒருநாள் மைத்துனன் கொளுத்திப் போட்டான்: "மாமா, உங்க கடைவாய்ப் பல்லுல அடைச்சிருக்கிறது பாதரசம் கலந்ததாமே!" அவ்வளவுதான், அவருக்குச் சோறு இறங்கவில்லை. பல் மருத்துவரிடம் ஓடி, அதைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார்.

அந்த டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடைப்பு விரிசல் இல்லாம கெட்டியா இருக்கு. குடைஞ்சு எடுத்தாத்தான் பாதரச ஆவி அதிகமா வரும். அப்படியே விடுங்க."

மேசைமேல் மூடிய ஜாடிக்குள், மற்றவர்கள் பல்லிலிருந்து எடுத்த பழைய அடைப்புத் துணுக்குகளைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்திருந்தார். இவர் அதைக் காட்டிக் கேட்டார்: "இதைக் குப்பையில போட மாட்டீங்க, என் வாயில மட்டும் இருக்கலாமா?"

"குப்பையை எரிச்சா ஆவி காத்துல கலக்கும். உங்க வாயை யாரு எரிக்கப்போறா?"

வந்த வேலையை வேண்டாமென்கிற மருத்துவரா? சந்தேகத்தோடு அடுத்த தெரு மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "இன்னிக்கே எடுத்துடலாம் சார், படுங்க!"

பாதி சாய்ந்தவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

"அப்போ அந்தம்மா சொன்னதை நம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அவங்களை யாரு நம்புனா? இந்தாளை நம்பல, அவ்வளவுதான்."