எந்தக் காலைப் பார்த்து நடப்பது

ஸ்பெயினின் செவில் நகரத்து மீன் சந்தையில் பெட்டி சுமக்கும் பல்தோமெரோ, புனித வாரச் சப்பரத்தையும் இளவயதிலிருந்தே சுமந்து வந்தவர். பிடரியில் குறுக்குக்கட்டை, தலையில் சாக்குத் துணி. சப்பரத்துக்கு அடியில் குனிந்து தூக்குவதால், கண்ணுக்குத் தெரிவது பக்கத்து ஆளின் கால் மட்டும். வெளியே நடக்கும் மேஸ்திரி ஃபெர்மினின் குரல்தான் வழி. செய்ய வேண்டியதை மட்டுமே அவர் சொல்வார். செய்யக் கூடாததையும் சொல்லி, சுமை தாங்குகிறவனை யோசிக்க வைக்க மாட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பல்தோமெரோவின் காது மந்தமாகிவிட்டது. தெரிந்தால் சப்பரத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்ற பழைய கூட்டாளியின் காலைப் பார்த்தே ஒத்திகைகளைச் சமாளித்தார்.

தவக்காலத்தின் நடுவில் அந்தக் கூட்டாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் இடத்தில் குழாய் வேலைக்காரன் கஸ்பார் வந்தான். அவனுக்கு அது முதல் வருஷம். சப்பரத்துக்குப் பதிலாகச் சிமெண்டு மூட்டை ஏற்றிய ஒத்திகை மரச்சட்டம் ரொட்டிக்கடை முக்கில் திரும்ப வேண்டும்.

"இடப்பக்கம் முன்னே வாங்க! வலப்பக்கம் பின்னே போங்க!"

பல்தோமெரோவுக்கு இரைச்சல்தான் கேட்டது. முன்னேயா, பின்னேயா? கஸ்பாரின் கால் அசையவில்லை. தயங்கி அரை அடி முன்னே வைத்தார்; அந்தக் காலும் வைத்தது. பயந்து பின்னே இழுத்தார், அதுவும் இழுத்தது. சட்டம் சுவரை உரசி நின்றது.

ஃபெர்மின் எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். "யாருடா உள்ள டான்ஸ் ஆடுனது?"

"நான்தான் மேஸ்திரி," என்றான் கஸ்பார். "நீங்க சொன்னது கேட்டுச்சு. நான் இடமா வலமான்னுதான் குழம்பிடுச்சு. அண்ணனுக்குத் தெரியுமேன்னு அவர் காலையே பாத்தேன்."

"என் காலையா? நான் உன் காலையில்ல பாத்துட்டிருந்தேன்!" என்றார் பல்தோமெரோ.

"புதுப்பய காலை நீ ஏன்யா பாக்கணும்?" என்றார் ஃபெர்மின்.

"காது சரியா கேக்கல, ஃபெர்மின். கிறிஸ்துமஸ்லேருந்து."

"போன வாரம் பாலத்துல உன் பேரைச் சொல்லிப் பாராட்டினேனே?"

"திட்டுறேன்னு நெனச்சேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஃபெர்மின் சிரிக்கவில்லை. "சரி, எல்லாரும் உள்ள போங்க!" என்று கத்தினார்.

எல்லாரும் என்றால் தானும் சேர்த்தியா? கேட்டால் பதில் வந்துவிடும் என்று பல்தோமெரோவுக்குப் பயம். சாக்குத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஃபெர்மின் அவரைப் பார்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தூக்கச் சொல்லி அடிக்கும் சுத்தியலில் கை வைத்தபடி சும்மா நின்றார்.

"அண்ணே, வந்து தொலைங்க," கட்டைக்கு அடியிலிருந்து கஸ்பாரின் குரல். "குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு!"

பல்தோமெரோ தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார். அதன் பிறகே சுத்தியல் விழுந்தது. எல்லாரோடும் எழுந்து நின்றார். அன்றைய ஒத்திகைக்கு மட்டுமா, புனித வியாழன் ஊர்வலத்துக்கும் சேர்த்தா என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.