நான்கு குழிகள் விழுந்த மோல்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட இருந்த என் அக்காவும் தன் காதால் கேட்டாள், அதனால் கனவு என்று தள்ளிவிட முடியாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. ராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். ஊருக்கு மத்தியானம், எனக்கு நடுச்சாமம்.

அப்போது மனைவி இறந்து நான்கு மாதம். நான் அழவில்லை. பிடிவாதம் இல்லை, வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், ஆளே அப்படித்தான் இருந்தேன். வண்டி ஓட்டப் போவதையும் விட்டிருந்தேன், பகல் தூக்கம் மட்டும் மாறவில்லை. அக்கா வந்து கூடத் தங்கிச் சோறு போட்டாள். "கையைச் சும்மா வச்சிருக்காதடா, எதையாச்சும் செய்" என்று நச்சரித்தாள். அதற்காகவே ஒரு பழைய லாரியை வாங்கினேன். பார்த்துக் கொடுத்தவன், லாரிகளுக்கு ஒடுக்கெடுக்கும் டிங்கர் மொட்டை. தலை நிறைய முடி, பேர் மட்டும் மொட்டை.

இன்ஜின் சிங்கம். டேஷ்போர்டுதான் பல் கொட்டிய வாய். நடுவில் வெடித்து, வயர்கள் தொங்கின. வயர் தொங்குகிற வண்டிக்கு லோடு கிடையாது என்று சரக்கு ஏற்றுகிற கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த மாடலுக்குப் புதிய பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. சரி, வீட்டிலேயே வார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

வேலை பெரிய வித்தை இல்லை. வெடிப்பை அடைத்துச் சமமாக்கி, டேஷ்போர்டு முழுக்க டேப் ஒட்டி மெழுகு பூச வேண்டும். அதன்மேல் பைபர் என்கிற கண்ணாடி இழைத் துணியைப் பரப்பி ரெசின் பசையைத் தடவ வேண்டும். இறுகியதும் உரித்தால் மோல்டு, அதாவது அச்சு. அந்த மோல்டுக்குள் மறுபடி துணியும் ரெசினும் போட்டால் புதுப் பேனல்.

செவ்வாய்க்கிழமை, காலை 11:20. வெயிலில் இருபது நிமிடத்தில் ரெசின் கல்லாகிவிட்டது. ஆனால் இடது ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் இறுகவில்லை. தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் சரியாகக் கலக்கவில்லை போல என்று நினைத்தேன். அப்போது கேபினுக்குள் சத்தம்.

டொக்... டொக்...

வெயிலில் தகரம் விரிகிறது. அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மணிக்கு அந்த இடமும் இறுகியது. மோல்டை உரித்துத் திருப்பினேன். உள்பக்கத்தில் நான்கு குழிகள். வரிசையாக. முஷ்டியை மடக்கி அழுத்தினால் விரல் மூட்டுகள் பதியுமே, அப்படி. டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தேன். அந்த இடம் வழவழவென்று இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வராது. குழிகளில் பட்டிப் பசையை அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மோல்டை வீட்டுப் பின்னறைத் தரையில் மல்லாத்தி வைத்து, பேனலுக்கு நான்கு அடுக்குப் போட்டேன். 12:30க்கு இறுகிவிட்டது. வேலை முடிந்தது என்று பக்கத்து அறையில் படுத்தேன்.

2:10. அக்கா என்னை உலுக்கினாள்.

"என்னடா தட்டுற?"

"நான் தூங்குறேன்க்கா."

"அப்ப யாரு?"

டொக்... டொக்... டொக்...

பின்னறையிலிருந்து.

கதவைத் திறந்தோம். ஜன்னல் வழியே வெயில் கொட்டியது. யாரும் இல்லை. தரையில் மோல்டு மட்டும். சத்தம் அதற்கு அடியிலிருந்து வந்தது.

மோல்டைத் தூக்கிப் பார்த்தேன். கீழே சிமெண்டுத் தரை. ஒரு பூச்சிகூட இல்லை.

கையில் இருக்கும்போதே தட்டியது.

டொக்.

என் விரல்களில் அதிர்ந்தது. மெதுவாகக் கீழே வைத்தேன்.

நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 2:20... 2:30... நிற்கவில்லை. அவசரமும் இல்லை. களைத்தவன் தட்டுகிற மாதிரி.

2:41. அக்கா குனிந்தாள். ஏன் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. விரலை மடக்கி, பேனல்மேல் மூன்று முறை தட்டினாள்.

நின்றது.



பிறகு...

டொக்டொக்டொக்டொக்டொக்...

வெறி பிடித்த மாதிரி. மோல்டு தரையில் நகர்ந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ... யாரோ இருக்காங்கடா!"

எனக்குப் பயம் வந்தது. நான்கு மாதத்தில் முதல்முறை.

சத்தம் தளர்ந்தது.

டொக்...

டொக்...

2:55.

அப்புறம் இல்லை.

மாலை வரை அந்த அறைக்குள் போகவில்லை. போனபோது பேனலை மோல்டிலிருந்து பிரித்தேன். முகப்பில் நான்கு மேடுகள். மோல்டில் நான் அடைத்த பட்டி தூளாகிக் கிடந்தது. இறுகிய பைபர் வெடிக்கும், உடையும். புடைக்காது.

வியாழக்கிழமை காலை பேனலைத் தூக்கிக்கொண்டு மொட்டையின் பட்டறைக்குப் போனேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடுகளைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"தட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி நேரம்."

பழைய டயர்மேல் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி சொன்னான். ஐந்து வருடத்துக்கு முன் அந்த லாரி, மதிய வெயிலில், சாலையோர மரத்தில் மோதியிருக்கிறது. டிரைவரை உடனே வெளியே இழுத்துப் போட்டார்கள். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. கிளீனர் ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியாது. அவருக்குக் குரல் வரவில்லை. கை மட்டும் அசைந்திருக்கிறது. கூட்டம் வண்டியைச் சுற்றி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"சூடான இன்ஜின் ஆறும்போது டொக் டொக்குனு சத்தம் வருமில்ல... அதுன்னு நெனச்சிட்டாங்க. கிரேன் வர்றதுக்குள்ள நின்னுபோச்சு."

"அத்தனை பேர்ல ஒருத்தருக்குமா சந்தேகம் வரல?"

"ஒரு பொம்பள கேட்டுச்சு. உள்ள யாரோ தட்டுறாங்கன்னு கத்துச்சு. வண்டி தெரிஞ்ச ஆளு ஒருத்தன் பக்கத்துல இருந்தான். இன்ஜின் ஆறுதும்மா, தள்ளி நில்லுன்னு சொல்லிட்டான்."

"யாரு அவன்?"

மொட்டை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான்."