நீந்தத் தெரியாத கூட்டாளி

லண்டன் குளிருக்குத் தப்பி மால்டாவுக்குப் போன நானும் மனைவியும், பன்னிரண்டு பேர் கொள்ளும் படகில் பக்கத்துத் தீவுக்குப் புறப்பட்டோம். லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வந்த இன்னொரு தமிழரும் அதில் இருந்தார். மொட்டைத் தலை, நல்ல தொப்பை. அடிக்கடி என் உயிர்காப்புச் சட்டையின் வாரை இழுத்துச் சரிபார்த்தார்.

தீவருகே படகு நின்றதும் மனைவி கடலில் குதித்து என்னையும் கூப்பிட்டாள். யாழ்ப்பாணக் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத நான் கம்பியைக் கட்டிப்பிடித்தேன்.

"எனக்கும் நீந்தத் தெரியாது தம்பி. ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்," என்றார் அவர்.

எனக்கு உயிர் வந்தது. "ஆம்பிளையள் ரெண்டு பேரும் படகுக்குக் காவல்!" என்று மனைவியிடம் வீரமாகக் கத்தினேன்.

கத்தி முடிக்கவில்லை, தொபீரென்று சத்தம். அவர் மீன்போல நீந்திக்கொண்டிருந்தார். படகே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஏறி வந்தவரிடம், "ஏன் அண்ணை பொய் சொன்னியள்?" என்றேன்.

"நீர் நடுங்கினதைப் பார்க்கப் பாவமாக் கிடந்தது. பிறகு தண்ணியைப் பார்த்தன், மனம் கேக்கேல்லை."

மனைவி இந்தக் கதையை லண்டன் கலியாண வீடுகளிலெல்லாம் சொல்கிறாள். அவர் பொய் சொன்னதற்குக் கோபிப்பதா, அந்தப் பொய்யை இன்னும் அரை மணி நேரம் காப்பாற்றாததற்குக் கோபிப்பதா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.